புளியரை மேடு ஏறின லாரி, இப்போ மாமா வீட்டு டேபிள் மேல!

ஒரு லாரியை 24-ஆல் வகுத்தால் என்ன கிடைக்கும்?

ஏழரை மீட்டர் நீளமுள்ள ஆறு சக்கர லாரி 31 சென்டிமீட்டராகச் சுருங்கும். பள்ளிக்கூட ஸ்கேலைவிட ஒரு சென்டிமீட்டர்தான் அதிகம். ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் டயர் 44 மில்லிமீட்டர் ஆகிவிடும். லோடு கட்டும் கயிறு தையல் நூலாகிவிடும். 20 மில்லிமீட்டர் ஜல்லி, சல்லடையில் தங்கும் பருமணல் அளவுக்கு வந்துவிடும். எடைக் கணக்குதான் இன்னும் வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 24 மடங்கு குறைவதால், எடை 13,824 மடங்கு குறைய வேண்டும். 2018-ல் விதி மாறும் வரை ஆறு சக்கர லாரிக்கு லோடோடு சேர்த்து 16.2 டன் வரை அனுமதி. கணக்குப்படி, முழு லோடு ஏற்றிய குட்டி லாரி 1 கிலோ 170 கிராம். ஒரு தேங்காயும் கொஞ்சம் வெங்காயமும் சேர்ந்த எடை!

இந்தக் கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது எந்த இன்ஜினீயரும் இல்லை. தென்காசியில் இருக்கும் என் தாய்மாமா. வயது 61. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் பக்கம் 20 வருடங்களுக்கு மேல் லாரி ஓட்டியவர். முதுகுவலி வந்து வண்டியை விற்றார். அதன் பிறகு ஏழெட்டு வருடம் வாசல் திண்ணைதான். இப்போது மறுபடியும் லாரி 'பாடி கட்டிக்'கொண்டிருக்கிறார். இந்த முறை பட்டறை, வீட்டு டைனிங் டேபிள்.

"வண்டிய வித்தாச்சு, இனிமே நிம்மதினு இருந்தேன். இப்போ வீட்டுக்குள்ளயே கொண்டாந்து நிப்பாட்டிட்டாரு" என்பது அத்தையின் விமர்சனம்.

நுங்கு வண்டியிலிருந்து தொடங்குது கதை

'ஸ்கேல் மாடல்' என்றதும் ஏதோ ஜப்பான் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். தென்காசிப் பக்கம் வளர்ந்த யாரிடமும் கேட்டுப்பாருங்கள். முதல் வண்டி, நுங்கு வண்டியாகத்தான் இருக்கும். தின்று போட்ட இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் வண்டி. அடுத்த கட்டம், தீப்பெட்டி லாரி. கோவில்பட்டி, சிவகாசி பக்கத்துத் தீப்பெட்டிகளுக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு பெட்டி கேபின், இரண்டு பெட்டி தொட்டி, சோடா மூடி சக்கரம். கொஞ்சம் கை தேர்ந்தவர்கள் பிய்ந்துபோன ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி, நிஜ ரப்பர் டயரே போட்டுவிடுவார்கள்.

லண்டனில் இதற்கு நேரெதிர்க் கதை ஒன்று நடந்தது. லெஸ்னி என்ற கம்பெனியின் பங்குதாரர் ஜாக் ஓடெல். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. மகளுக்காக 1952-ல் தீப்பெட்டிக்குள் நுழையும் அளவில் ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அடுத்த வருடமே 'மேட்ச்பாக்ஸ்' என்ற பெயரில் அது வியாபாரமாகி, உலகமே அறிந்த பிராண்ட் ஆனது. அங்கே தீப்பெட்டிக்குள் வண்டி. இங்கே தீப்பெட்டியே வண்டி. நம்முடையது கொஞ்சம் சிக்கனமானது, அவ்வளவுதான்.

மாமாவும் சின்ன வயதில் செருப்பு டயர் லாரிகள் செய்தவர்தான். அப்புறம் கிளீனர், டிரைவர், ஓனர் என்று நிஜ வண்டியே வாழ்க்கையாகிவிட்டதால், பொம்மை வண்டி மறந்துபோனது. திரும்பக் கொண்டுவந்தது ஒரு மொபைல் கேம். பேரன் போனில் விளையாடும் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் நம் ஊர் பஸ், லாரிகளின் தோற்றத்தை ரசிகர்களே வடிவமைத்து ஏற்றிக்கொள்ள முடியும். அதில் ஒரு தமிழ்நாட்டு லாரியைப் பார்த்த மாமா, "இதுல ஸ்டெப்னி மாட்டுன எடம் தப்புல்லா" என்றாராம். "அப்போ நீங்களே சரியா செஞ்சு காட்டுங்க தாத்தா" என்று பேரன் சொல்ல, ஆரம்பித்துவிட்டது.

கடையில் இல்லாத லாரி

மனசு வைத்தால் லாரி மாடல் கிட் ஆன்லைனில் கிடைக்கும். இத்தாலியின் இட்டாலெரி, ஜெர்மனியின் ரெவெல் போன்ற கம்பெனிகள் 1:24 அளவில் ஸ்கேனியா, வோல்வோ, மெர்சிடிஸ் லாரிகளைப் பிளாஸ்டிக் பாகங்களாகத் தருகின்றன. வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டியது நம் வேலை. அமெரிக்காவின் ஏ.எம்.டி. 1:25 அளவில் மூக்கு நீண்ட அமெரிக்க லாரிகளைத் தருகிறது. ஜப்பானின் டமியா, 1:14 அளவில் ரிமோட்டில் ஓடும் லாரிகளையே செய்கிறது. ஷிசுவோகா நகரத்தில் மரக்கடையாகத் தொடங்கி, மர பொம்மை செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறிய கம்பெனி அது. எல்லாமே விலை ஆயிரங்களில். டமியா ரிமோட் லாரி என்றால், பழைய பைக் ஒன்று வாங்கிவிடலாம்.

ஆனால், மாமாவின் பிரச்னை விலை அல்ல. அவர் ஓட்டிய லாரி எந்தக் கிட்டிலும் இல்லை.

அது எப்படி இருக்கும்? 1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடா, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கைகோத்து லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த உறவு 1969-ல் முடிய, முன்முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் போய் டாடாவின் 'T' வந்தது. ஆனால், அந்தக் காலத்தில் லாரி வாங்குவது என்றால், பெரும்பாலும் வெறும் சேஸைத்தான் வாங்குவது. இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்முகத் தகடு. அவ்வளவுதான். கேபினும் கிடையாது, தொட்டியும் கிடையாது. ஒரு மரப்பெட்டியை சீட்டாகப் போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் மொட்டைச் சேஸை ஓட்டிப் போகும் டிரைவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போய்ச் சேரும் இடம் பாடி கட்டும் பட்டறை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளுக்கு இந்தியா முழுக்கப் பெயர்.

அங்கே தச்சரும் வெல்டரும் சேர்ந்து, மரச்சட்டமும் தகடும் வைத்துக் கேபின் கட்டுவார்கள். படுக்கப் பலகை எங்கே, சாமி படம் எங்கே, கண்ணாடிக்கு மேலே என்ன பெயர், கதவில் தாமரையா மயிலா... எல்லாம் ஓனர் சொல்வதுதான். அதனால் ஒரே மாடல் லாரி இரண்டு, பட்டறையை விட்டு வெளியே வரும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர, இரட்டையராக இருக்காது.

இந்த வண்டிகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. ஏ.ஐ.எஸ்.-093 என்ற தரவிதி கேபினுக்கும் பாடிக்கும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. இப்போது கம்பெனியே கட்டித் தரும் இரும்புக் கேபின்தான் வழக்கம். 2025-லிருந்து புது லாரிகளுக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம். டிரைவர்களுக்கு இது நல்ல செய்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்ஜின் சூடு காலைச் சுட, 12 மணி நேரம் ஓட்டியவர்களிடம் போய்ப் பழைய கேபினின் அழகைப் பற்றிப் பேசினால், நல்ல பதில் கிடைக்கும். ஆனால், ஒவ்வொன்றும் ஒரு தச்சரின் கைவேலையாக இருந்த அந்தக் கேபின்களுக்கு வரைபடம் என்று எதுவும் இருந்ததில்லை. வண்டி உடைக்கப் போய்விட்டால், அதோடு போயிற்று.

மாமா விற்ற லாரியும் இரண்டு கை மாறி, கடைசியில் உடைக்கத்தான் போனது. அவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதுவும் வண்டிக்காக எடுத்ததில்லை. முன்னால் என் அம்மாவும் சித்தியும் பட்டுப்புடவையில் நிற்க, பின்னால் பாதி கேபின் தெரியும் கல்யாண வீட்டுப் படம்.

முழம் போட்டு அளந்த கேபின்

பாதி கேபினிலிருந்து முழு லாரியை எப்படி எடுப்பது? இங்கேதான் எனக்கு மாமா மேல் மரியாதை கூடியது. போட்டோவில் டயர் தெரிகிறது. அது 10.00-20 டயர். அந்தக் கால லாரிகளின் வழக்கமான அளவு. அதன் விட்டம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். அதை அளவுகோலாக வைத்துப் படத்தில் இருக்கும் மற்றதையெல்லாம் கணக்குப் போட்டார். லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 24-ஆல் வகுத்தால் 108 மில்லிமீட்டர். தொட்டி 17 அடி என்பது அவருக்கு மனப்பாடம். 1:24 என்பது உண்மையில் 'ஓர் அடிக்கு அரை அங்குலம்' என்ற கணக்குதான். பட்டறையில் இன்றைக்கும் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால், 17 அடித் தொட்டி எட்டரை அங்குலம் என்று மாமா யோசிக்காமலேயே சொல்லிவிடுகிறார். இந்த அளவுதான் நம் ஊர் லாரிகளுக்கு வசதி என்பது என் கட்சி. 1:14 டேபிளைத் தாண்டிவிடும். ரயில் மாடல்காரர்களின் 1:87-ல் லாரியின் அகலமே 3 சென்டிமீட்டர்தான். திருஷ்டி பொம்மைக்கு மூக்கு வைக்க முடியாது.

போட்டோவில் தெரியாத உள்பக்கத்துக்கு? கண்ணை மூடி, நாற்காலியில் டிரைவர் மாதிரி உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

"ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் எடையில ஒரு முழம் இருக்காது, முக்கா முழம். கியரு ராடு இந்தா, இங்கன. தலைக்கு மேல கை வச்சா பலகை தட்டும், அதுலதான் தண்ணி கேனு. எழுதிக்கிட்டியாட்டி?"

எழுதிக்கொண்டேன். ஒரு முழம் 24-ல் 19 மில்லிமீட்டர். முக்கால் முழம் 14. இருபது வருடம் ஓட்டிய உடம்பு, டேப் இல்லாமல் அளவு சொல்கிறது.

அத்தையின் தையல் பெட்டியும் பிளம்பிங் கடையும்

செய்முறைக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு யாராவது கட்டர் பிளேடைத் தேடுவீர்கள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அடிப்படைப் பொருள், விளம்பர போர்டுக் கடைகளில் கிடைக்கும் சன் போர்டு. கேரளத்தில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்களையும், இங்கே நம் அரசுப் பேருந்துகளையும் மினியேச்சராகச் செய்யும் பையன்கள் பலரும் இந்த மாதிரி ஃபோம் ஷீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். 3 மில்லிமீட்டர் போதும். கட்டர் பிளேடில் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுப்படும். பலகை இடைவெளிகளைப் பழைய பால்பாயின்ட் பேனா முனையால் கீறினாலே மரத்தொட்டி மாதிரி தெரியும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்து பள்ளம் பள்ளமாகிவிடும்.

டயர்தான் மாமாவின் பெருமை. ஒண்ணேகால் இஞ்ச் பி.வி.சி. பைப்பின் வெளி விட்டம் 40 மில்லிமீட்டர். அதை 11 மில்லிமீட்டர் அகல வளையங்களாக அறுத்து, மேலே பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்று ஒட்டினால் சரியாக 44. பின் ஆக்சிலில் நான்கு, முன்னால் இரண்டு, ஸ்டெப்னி ஒன்று. ஆக மொத்தம் ஏழு வளையம். ஒரு சாண் பைப் போதும். சைக்கிள் போக்ஸ் கம்பி ஆக்சில். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை மெல்லிசாக நறுக்கி, நீளம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்கினால் ஸ்பிரிங் பட்டை. காலியான ரீஃபில், சைலன்சர். தொட்டியின் ஓரத்தில் கயிறு கட்டும் கொக்கிகளுக்கு ரவிக்கை ஹூக். இதற்காக அத்தையின் தையல் பெட்டியில் கைவைத்து நடந்த சண்டை தனிக்கதை.

தார்ப்பாய்க்குக் கைக்குட்டைத் துணியைப் போட்டால் கம்பளி போர்த்தினாற்போல மொத்தமாக இருக்கும். துணியின் தடிமன் 24-ஆல் சுருங்காது இல்லையா? டிஷ்யூ பேப்பரில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவிப் போர்த்தினால், மடிப்பு மடிப்பாக விழுந்து அப்படியே இறுகிவிடுகிறது.

பெயின்ட் விஷயத்தில் குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. சாரல்! ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று ஊரையே குளிரவைக்கும். அருவியில் குளிக்க வருபவர்களுக்குக் கொண்டாட்டம். பெயின்ட் அடிப்பவர்களுக்குத் திண்டாட்டம். ஸ்பிரே பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். சிவப்பு அடித்த இடம் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துவிடும். ஃபெவிகுயிக் கதை நேர்மாறு. காற்றில் உள்ள ஈரத்தைக் கொண்டுதான் அது இறுகுகிறது. ஆகவே, சாரல் காலத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால், ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை படியும் என்பதால், கண்ணாடிக்கு மட்டும் அது ஆகாது. மாமாவின் ஏற்பாடு எளிமையானது. சீசன் முழுக்க வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாள் போடுவது. பெயின்ட், சாரல் விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாளில், மொட்டை மாடியில்.

என்ன கலர்? நேஷனல் பர்மிட் லாரி என்றால் காய்ந்த இலையின் பழுப்பும் வெள்ளை பார்டரும். இது 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதப்பட்ட நிறம். நெடுஞ்சாலையில் ஏன் எல்லா லாரியும் ஒரே காவிப் பழுப்பாக இருந்தது என்று சின்ன வயதில் யோசித்தவர்களுக்கு இதுதான் பதில். கடையில் வாங்கும் கலரை அப்படியே அடிக்கவும் கூடாது. சின்னப் பொருளில் அதே நிறம் அடர்த்தியாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் கண்ணுக்கு நிஜம்.

கடைசியாக அழுக்கு. ஆமாம், புது லாரியைக் கஷ்டப்பட்டு அழுக்காக்க வேண்டும். பளபளவென்று இருந்தால் அது பொம்மை. துருவுக்கு, கோலத்துக்குப் போடும் காவிப்பொடி. இயற்கைக் காவி என்பதே இரும்பு ஆக்சைடுதான். அதாவது, துருவின் சொந்தக்காரன். மட்கார்டுக்குக் கீழே செம்மண்ணை வஸ்திரகாயம் செய்து தூவினார். டீசல் டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் ஒரு துளி எண்ணெய்க் கறை. "அங்க எப்பவும் வழிஞ்சிருக்கும்லா" என்றார். டேங்கின் மற்ற இடங்களில் தூசி, அங்கே மட்டும் பளபளப்பு. அதை ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

எழுத்துதான் கொஞ்சம் படுத்தியது. ஊரில் ஸ்டிக்கர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால், 5 மில்லிமீட்டர் உயரத்தில் தமிழ் எழுத்தின் சுழிகளை வெட்டும்போது வினைல் மெஷின் பிய்த்துவிடுகிறது. கடைசியில் ஒளி ஊடுருவும் ஷீட்டில் லேசர் பிரின்ட் எடுத்து ஒட்டினோம். நம்பர் பிளேட்டில் தென்காசியின் டி.என். 76 போடலாமா என்று கேட்டேன். மாமா முறைத்தார். அவர் வண்டி திருநெல்வேலி ரிஜிஸ்டர், டி.என். 72.

பாதி கேபினின் மறுபாதி

இத்தனைக்கும் பிறகு ஒரு பக்கம் மட்டும் பல நாள் காலியாகவே கிடந்தது. போட்டோவில் தெரியாத இடது கதவு. வலது கதவில் மயில் இருக்கிறது, படத்தில் தெரிகிறது. இடது கதவில் என்ன வரைந்திருந்தது என்பது மாமாவுக்கு நினைவில்லை. 20 வருடம் ஓட்டியவர் எப்படி மறந்தார் என்று எனக்கு ஆச்சரியம். "நா ஏறுனது இந்தப் பக்கம்லா. அந்தப் பக்கத்த யாரு பாத்தா?" என்றார். அந்தப் பக்கம் ஏறி இறங்கியவர்கள் கிளீனர்கள்.

ஆகவே, கிளீனர்களைத் தேடினோம். மாமாவிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் இப்போது கேரளத்தில் சொந்தமாக டாரஸ் ஓட்டுகிறார். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். பத்து வருடத்துக்கு மேலான இடைவெளி. நலம் விசாரிப்பு, பிள்ளைகள் படிப்பு, டீசல் விலை, கோட்டைவாசல் வளைவில் ஒரு மழை ராத்திரி பிரேக் சூடாகி வண்டியை ஓரங்கட்டி விடியும்வரை உட்கார்ந்திருந்த கதை என்று முக்கால் மணி நேரம் ஓடியது. கதவைப் பற்றிக் கேட்கவே மறந்துபோய், போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டார் மாமா.

"அண்ணாச்சி, அதுலயும் மயிலுதான். ஆனா, பெயின்டர் அவசரத்துல தோகைய முடிக்கல. நாந்தான் தெனமும் தொடைப்பேன், எனக்குத் தெரியாதா?"

இடது கதவின் மயிலுக்கு இப்போது பாதித் தோகைதான் வரைந்திருக்கிறது.

அடுத்து, லாரி நிற்க ஒரு சாலை வேண்டுமாம். கழுதுருட்டியில் கொல்லம் ரோட்டை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பின்னணியாக வைக்கலாம் என்பது பேரனின் ஆசை. 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய பாதையில் இருக்கும் அந்தக் கற்பாலத்தை 1:24-ல் செய்தால் ஹால் முழுக்கப் பாலம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். அத்தை என் கட்சி. இப்போதைக்குப் புளியரை 'எஸ்' வளைவில் ஒரு சின்னத் துண்டு ரோடு, ஓரத்தில் ஒரு டீக்கடை என்று பேச்சுவார்த்தை முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு லாரியோ, வேனோ, மாட்டுவண்டியோ இருந்திருந்தால், பழைய கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஆட்களுக்குப் பின்னால் பாருங்கள். சக்கரம் தெரிகிற படம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். சக்கரத்தின் அளவு தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மரக்கேபின் லாரி எங்காவது டீக்கடை ஓரம் நின்றால், டிரைவரிடம் கேட்டுக்கொண்டு நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். முக்கியமாக, கிளீனர் பக்கத்துக் கதவை.